உறுதியான தகவல்

"சிம்மு உங்கப்பா வெங்கடாசலம் பேருல இருக்குது. காலைல அவர ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும்மா" என்று சொல்லிப் போலீஸ்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள். அதற்குள் நான் வாட்ஸ்அப்பில் போட்ட படம் காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. பவானியில் இருக்கும் சித்தி அதை எனக்கே அனுப்பியிருக்கிறாள். அடியில் நான் அடித்த அதே இரண்டு வார்த்தைகள்: உறுதியான தகவல்.

குமாரபாளையத்தில் எங்கள் விசைத்தறித் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று அதில் போடுவது நான்தான். ஆளாளுக்கு "நெசமாலுமா?" என்று கேட்டதால், எதைப் போட்டாலும் கடைசியில் அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்ப்பது பழக்கமாகிவிட்டது.

இன்று மத்தியானம் பக்கத்துத் தறிப்பட்டறை பூபதி அண்ணன் ஒரு படம் அனுப்பினார். கொசுவலை விற்க வந்தவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று எழுதியிருந்தது. பழக்கதோஷத்தில் அந்த வார்த்தைகளையும் சேர்த்துக் குரூப்பில் போட்டேன்.

அரை மணி நேரத்தில், தறியை நிறுத்திவிட்டு ஓடியவர்கள் அவர் கையை உடைத்துவிட்டார்கள். அவர் பெயர் உசேன். தோளில் இருந்தது அவர் மகள் ஆலியா.

போலீஸ் போன் வந்தது தெரிந்ததும் பூபதி அண்ணன் வந்தார். "உன்ற போன்ல நான் அனுப்புனத மட்டும் அழிச்சுப்போடு சாமி. நானென்ன எழுதுனனா? வந்தத அனுப்புனேன்."

"நானும் அதையேதாங்கண்ணா பண்ணுனேன். அழிக்க மாட்டேன். நீங்க ஊட்டுக்குப் போங்க."

அவர் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார். "நான் அனுப்புனேன்னு சொல்லிக்கறேன். நீ பரீட்சை எழுது."

"உங்களுக்கு எழுத்துக்கூட்டவே வராதுங்கப்பா. டைப் அடிச்சுக் காட்டுன்னா என்ன பண்ணுவீங்க?"

சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"சிம்மு யாரு பேருல இருந்தா என்னங்கப்பா? எழுதுனது யாரோ, அனுப்புனது நான். வந்தத அனுப்புனேன்னு சொன்னா அந்தக் கை ஒட்டிக்குமா? அனுப்புறவங்களும் அதுக்குப் பொறுப்புதான். ஸ்டேஷன்ல நானே சொல்றேன். நீங்க கூட மட்டும் வாங்க."

படத்தைப் போட்ட அதே கையால் குரூப்பிலிருந்து அதை நீக்கிவிட்டு எழுதினேன்: 'அது அவர் சொந்த மகள். பொய்யைப் போட்டது நான், தேவிப்ரியா. இனி யாரும் அனுப்பாதீர்கள்.'

நூற்று எண்பது பேர் பார்த்துவிட்டார்கள். பதில் ஒன்றுதான் வந்திருக்கிறது, கடைசி வீட்டு ராமாயி அக்காவின் குரலில்: "ஏஞ் சாமி, எப்பவும் அடியில போடுவியே, அந்த ரெண்டு வார்த்தையக் காணமே. இது நெசமா?"

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை நான் மறுபடியும் அடிப்பேன்?