கிண்ணத்தில் ஓர் இழை

கிண்ணத்துக்குள் அந்த இழையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இழை என்றால் பூஞ்சை, பூஞ்சை என்றால் ப்ளீச். பக்கத்துக் கிண்ணங்களுக்குத் தாவுவதற்குள் ஊற்றிக் கொன்றுவிட வேண்டும். போன மாதம் ஒரு தட்டு முழுக்க அப்படித்தான் போயிற்று. என் மகளுக்காக வளர்த்ததில் மிஞ்சியது இந்த ஒரு கிண்ணமும் அதிலிருந்த மூன்று உருண்டைகளும்தான்.

உருண்டை என்று நாங்கள் சொல்வது தோலை. ரத்தத்தில் எடுத்த செல்களை மறுபடி கருச்செல்கள் மாதிரி ஆக்கி, ஊட்டநீரில் மாதக்கணக்கில் வளர்த்தால் மிளகளவுக்குத் திரண்டு வரும். உள்புறம் வெளியே வந்த சட்டை போல அதன் மேல்தோல் உள்ளே இருக்கும். முடி முளைத்தால் நுனி உள்ளே போகும், வேர் வெளியே நீட்டும். முளைத்தால்தானே. அதுவரை எங்கள் உருண்டை எதிலும் ஒன்றுகூட முளைத்ததில்லை.

இந்த மூன்றும் என் மகளின் ரத்தத்திலிருந்து வந்தவை. சின்ன வயதில் கொதிநீர் கொட்டி, அவள் இடது காதுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது மற்ற முடியை இழுத்து அதை மூடி க்ளிப் போடுவாள். காற்றடித்தால் கை தானாக அங்கே போய்விடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காற்றின் மேலேயே கோபம் வரும்.

"அக்கா, உங்க கை நடுங்குது. நகருங்க, நான் பாக்கறேன்," என்றான் மொட்டை. முடி வளர்க்கும் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. வளர்ந்தால் முதல் போணி உனக்குத்தான் என்று தினமும் அவன் காலை வாருவோம். அன்று யாரும் வாரவில்லை. அவன் கையில் ப்ளீச் பாட்டில் இருந்தது.

கூடத்தை நடத்தும் டாக்டரம்மா வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"கிளை பிரியற மாதிரி இருக்கு. பூஞ்சைதான் இப்படிப் பிரியும்."

"வேரா இருந்தா டாக்டர்? ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாமே."

"பக்கத்துல இருக்கறதெல்லாம் மத்தவங்க பிள்ளைங்களோடதும்மா."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தின் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"ஒரு வழி இருக்கு," என்றார் அவரே. "இழை இருக்கற அந்த ஒண்ண மட்டும் உறைய வெச்சு, சீவிப் பாக்கலாம். முடின்னா மத்த ரெண்டும் பொழைக்கும்."

"முடியா இருந்தா அது?"

"அது போயிடும்."

"குடுங்க, நானே சீவறேன்," என்றேன். வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

உறைந்த உருண்டையைக் கருவியில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினேன். காகிதத்தைவிட மெல்லிய சீவல்கள் கண்ணாடித் தகட்டில் ஒட்டின. சாயம் ஏறும்வரை மொட்டை பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தான். பிடுங்கி வீசலாம் போலிருந்தது.

நுண்ணோக்கியில் இரண்டு வேர்கள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே வளர்ந்ததைத்தான் கிளை என்று நினைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் அடியிலும் குமிழும், குமிழில் கறுப்பும் இருந்தன. மொட்டை பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தான். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"ஒண்ணுல முடி வந்ததால இன்னொண்ணுல பூஞ்சை வராதுன்னு இல்ல. சந்தேகம் வந்தா மறுபடியும் சீவித்தான் ஆகணும்," என்று டாக்டரம்மா மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் வழக்கம்போலக் கேட்டாள். "எப்படிம்மா இருக்கு?"

"ரெண்டு முடி முளைச்சுது. வெட்டிட்டேன்," என்று ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் க்ளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கறுப்பா?"

"நல்ல கறுப்பு."

"மத்த ரெண்டையும் வெட்ட மாட்டேன்னு சொல்லும்மா."

மாட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் காதுக்கு மேல், வழவழப்பான அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சரி. வெட்டறதா இருந்தா நீயே வெட்டு. கை மட்டும் நடுங்காம பாத்துக்கோ."