பெயரில்லாத ஒன்பதாம் எண்

"ஆட்டத்துக்கு வராதே" என்று ஸ்ட்ரூவன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். இஷ்பெல் கேட்கிற ஆளா? முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இன்வர்லாரி கால்பந்து மைதானத்து வேலியோரம் கடற்காற்றில் வெடவெடத்துக்கொண்டு நின்றாள் மகராசி.

கோல் அடித்தே பதினேழு வருஷம் குடும்பத்தைக் காப்பாற்றியவன் அவள் புருஷன். கிளாஸ்கோவில் ஆடிய காலத்தில் அரங்கமே அவன் பெயரைப் பாடியது. முப்பத்தாறு வயதாகி முட்டியும் வீங்க ஆரம்பித்ததும் கிளப் கழற்றிவிட்டுவிட்டது. இன்றைக்கு இந்தச் சின்ன கிளப்பில் அவனை ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். அப்படி வருகிறவனை வேறு எவனும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதென்று பெயரை வெளியே விடமாட்டார்கள். 'சோதனை வீரர்', அவ்வளவுதான். ஸ்ட்ரூவனுக்கு அது தோதாகப் போயிற்று. தாடியும் வளர்த்துக்கொண்டான்.

"சொதப்பினா எவனோ சொதப்பினான்னு போயிடும், இஷ்பெல். என் பேராவது தப்பிக்கும்" என்றான் காலையில். அதைக் கேட்டபிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பாளா அவள்?

முதல் பாதியில் இரண்டு நல்ல வாய்ப்புகளைக் கோட்டைவிட்டான். இஷ்பெல்லுக்குப் பக்கத்தில் நின்ற மீன் லாரிக்காரர் டூகல் சும்மா இருப்பாரா?

"ஏ தாத்தா! வீட்டுல பேரன் தேடுறானாம், கெளம்பு!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் பாதியில் ஸ்ட்ரூவன் சேற்றில் வழுக்கி விழுந்தான்.

"அடுத்த தடவை கைத்தடியோட வாய்யா!"

"வாயை மூடுய்யா! அது ஸ்ட்ரூவன் கெடிஸ்! என் புருஷன்!"

கத்திய பிறகுதான் இஷ்பெல்லுக்கு உறைத்தது. ஐயோ, போச்சு! மைதானமே அவள் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு. ஸ்ட்ரூவன் எழுந்து அவளைத் திரும்பிப் பார்த்தான். முகத்துச் சேற்றைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

அதன் பிறகு அவன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! வலி கிலி எதையும் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தது. இரண்டு இளவட்டங்களுக்கு நடுவே எம்பித் தலையால் முட்டினான். வலை குலுங்கியது.

"கோல்! ஒன்பதாம் எண், சோதனை வீரர்!" என்றது ஒலிபெருக்கி.

"யோவ் மைக்குக்காரரே, காது செவிடா? கெடிஸ்னு சொல்லும்யா!" என்று டூகலே கத்தினார்.

ஆட்டம் முடிந்து மேனேஜரோடு பேசிவிட்டு, நொண்டிக்கொண்டே வேலிக்கு வந்தான் ஸ்ட்ரூவன்.

"வராதேன்னு சொன்னேன்ல?"

"தெரியாம வாய்விட்டுட்டேன். எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. இந்த முட்டி ஒரு சீசன் தாங்காதுன்னுட்டாரு. நெசந்தான், எனக்கே தெரியுது." அவன் டூகல் பக்கம் திரும்பினான். "அண்ணே, யாராவது கேட்டா சொல்லுங்க. ஸ்ட்ரூவன் கெடிஸ் இன்னியோட ஆட்டத்தை நிறுத்திட்டான். கடைசியா இங்கதான் ஆடினான்."

டூகல் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. இஷ்பெல் எம்பி, சேறு அப்பிய அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.