இருநூற்றைம்பத்திரண்டு முட்டைகள்

என் அக்காவின் வேலைக்கு உலை வைத்தவன் நான்தான். அதையும் வண்ண வண்ணமாகச் சார்ட் போட்டு, பெரிய திரையில் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு வைத்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சர்வே; கணக்குப் போட்டது கணினிப் பிரிவில் இருக்கும் நான். பன்னிரண்டு பிரிவுகளுக்கும் ஊழியர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். பழக்கமில்லாத பிரிவைக் காலியாக விட்டுவிடலாம். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் போட்டார்கள். அட்டவணையில் பிரிவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பத்திகள் அகலமாகப் படுத்துக் கிடந்தன. அப்படியே கொடுத்தால் சார்ட் மென்பொருள் முறைக்கும். மடக்கி, ‘பிரிவு’, ‘மார்க்’ என்று இரண்டே பத்திகளாக நீளவாக்கில் நிறுத்த வேண்டும். ஒரு சொடுக்கு வேலை. காலிக் கட்டங்களை மென்பொருளே கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடும். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலிகள் பல் விழுந்த வாய் மாதிரி என் கண்ணை உறுத்தின. மடக்குவதற்கு முன்பே அத்தனையிலும் பூஜ்யத்தை நிரப்பினேன். சுத்தம் செய்கிறேனாம்!

சராசரியில் சலவைப் பிரிவு கடைசி: 1.8. அதற்குத் தலைவி என் அக்கா. “துணிய வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடலாம். வெள்ளிக்கிழமை கையெழுத்து” என்றார் நிர்வாகி. அக்காவும் அவளோடு பதினொரு பேரும் வீட்டுக்கு.

மறுநாள் மடிக்கணினியோடு சலவைக்கூடத்துக்குப் போனேன். ஆவிக்கு நடுவே அக்கா படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

“கோவமாக்கா?”

“அந்த முனையப் பிடி.”

“சரி, எங்க கணினிப் பிரிவுக்கு நீ எவ்வளவு போட்ட?”

“இழுத்துப் பிடிடா, சுருக்கம் விழுது.”

அக்காவிடம் நேரான பதில் வாங்கியவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அத்தான் கேட்டபோது, “மழை வரும்போல இருக்கு” என்றாளாம்.

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவள் பிரிவுக்கு வந்த மார்க்குகளைத் திரையில் காட்டினேன். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, விரலால் வரிசையாகத் தடவிப் பார்த்தாள்.

“படிவத்துல ஒண்ணுலேர்ந்துதானே இருந்துச்சு? இங்க இத்தனை முட்டை கிடக்கே. யாருடா எனக்கு முட்டை போட்டது?”

எண்ணிப் பார்த்தேன். இருநூற்றைம்பத்திரண்டு முட்டைகள். அத்தனையும் நான் போட்டவை. சலவைத் துணியையே தொடாத அலுவலகக்காரரும் வாசல் காவலரும் காலியாக விட்ட கட்டங்கள்.

வெள்ளிக்கிழமை. பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அக்கா தன் பதினொரு பேரோடு கதவோரம் நின்றாள். ‘புதுப்பித்த சார்ட்’ என்று சொல்லி நழுவிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. அவளைப் பார்த்ததும் ஆசை ஓடிவிட்டது.

“சார், திங்கக்கிழமை காட்டினது தப்பு. மென்பொருள் மேல பழி போட முடியாது. நான் பண்ணின தப்பு.”

நான் நிரப்பிய பூஜ்யங்களை எல்லார் முன்னாலும் அழித்தேன். சார்ட்டின் பட்டைகள் துள்ளி எழுந்தன. சலவைப் பட்டை எல்லாரையும் தாண்டிப் போய் உச்சியில் நின்றது: 4.7.

“நூத்தி அறுபது பேர் மார்க் போட்டிருக்காங்க சார். ஒருத்தர்கூட மூணுக்குக் கீழ போடல.”

“உங்க கணக்க நம்பி நான் கையெழுத்துப் போட இருந்தேன்யா!” என்று நிர்வாகி சீறினார். சீறிக்கொண்டே ஒப்பந்தத்தை இரண்டாகக் கிழித்தார். முதலில் கை தட்டியது அறுவை அறை நர்ஸ். அக்கா அழவில்லை. ஏப்ரனை ஒரு இழுப்பு இழுத்துச் சுருக்கம் நீக்கிவிட்டு, தலையை நிமிர்த்தி நின்றாள்.

“என் அக்கா” என்றேன் பக்கத்திலிருந்த மருந்துப் பிரிவுக்காரரிடம்.

“தெரியும்யா. மூணாவது தடவையா சொல்ற.”

வெளியே நடைபாதையில் அவளைப் பிடித்தேன்.

“இப்பவாவது சொல்லுக்கா. எங்க பிரிவுக்கு எவ்வளவு போட்ட?”

“ஒண்ணும் போடல. காலியா விட்டேன். நீ அங்க உக்காந்து என்ன பண்றேன்னு எனக்கு எங்க தெரியும்?”

அந்தக் காலியையும் நானே முட்டையாக்கி, என் தலையிலேயே உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

“இப்ப தெரிஞ்சுபோச்சில்ல? இப்ப போடறதா இருந்தா?”

அக்கா நின்றாள். மழை வருமா என்று ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அஞ்சு.”