சட்டையைக் கழற்றாதவன்

நடவுக்கு ஆள் பிடிப்பதற்குள்ளேயே எத்திராஜுக்கு உயிர் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவவில்லை, மனைவி கஸ்தூரி ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னியோட ஒம்போது நாளு. புள்ள ஸ்கூலுக்குப் போவல. நீ பண்ண வேல, நீயே போய்க் கேளு."

அவன் பண்ணிய வேலைதான். ஊரில் சாமி தூக்குகிறவர்கள் வெற்று மார்போடுதான் தூக்க வேண்டும். இந்த வருஷம் எத்திராஜுக்குத் தோள்வலி. பதினாலு வயது மகன் குமரேசனைத் தோள் கொடுக்கச் சொன்னான். பையன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றான். நாலு பேர் முன்னால் பிள்ளை பேச்சு கேட்காவிட்டால் எந்த அப்பனுக்குத்தான் பொறுக்கும்? தானே பிடித்து உருவிவிட்டான். பையனுக்கு மார்பு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. கூடப் படிக்கிற பையன்கள் அங்கேயே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பகல் முழுக்கக் கழனியில் இருக்கும் மோட்டார் கொட்டகையே கதியென்று கிடக்கிறான்.

இரண்டு அறை விட்டால் சரியாகிவிடும் என்றுதான் எத்திராஜ் கிளம்பினான். பாதி வரப்புக்குள் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது, அந்த வயதில் அவனுக்கும் மார்பு இப்படித்தான் இருந்தது. கொளுத்தும் வெயிலிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு திரிந்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அது தானாகப் போயிற்று, அவனும் மறந்துவிட்டான். எப்படி மறந்தோம் என்று இப்போது வெட்கமாக இருந்தது.

அப்பனைப் பார்த்ததும் பையன் அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான். எத்திராஜ் கொட்டகைக்கு முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எனக்கும் அப்டிதான் இருந்திச்சிடா. எட்டாவது படிக்கச்சொல வந்திச்சி. ரெண்டு வருசத்துல தானா வத்திப்பூடுச்சி. இந்த வயசுல பசங்களுக்கு வர்றதுதான்."

குமரேசன் நம்பாமல் பார்த்தான். "நெசமாவா?"

"நெசமாத்தான். வேணும்னா நாளைக்கு உத்திரமேரூர் போயி டாக்டராண்ட கேட்டுக்கினு வரலாம்."

பையன் அப்படியே தரையில் குந்திவிட்டான். அழுகையை அடக்க முடியாமல் திணறித் திணறிச் சொன்னான். "போன்ல தேடிப் பாத்தேன் நைனா. கேன்சரா இருக்கும்னு போட்டிருந்திச்சி. ஆறு மாசமா செத்துப்பூடுவேன்னு நெனச்சிக்கினு கீறேன்."

 அந்த ஆறு மாதமும் அப்பனும் மகனும் தினமும் ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.