காற்றை உட்காரச் சொன்ன பங்காரம்மா

1997 ஜூன் 23, திங்கட்கிழமை, காலை பத்து மணி சுமாருக்குத் தென்மேற்குக் காற்று கருமத்தம்பட்டிக்கு வந்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தன் வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை நடத்தும் பங்காரம்மாவின் வீட்டுக்குள் நுழைந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தது. அடுத்த பத்து நாட்கள் வெளியே வரவில்லை.

தபால் அலுவலகத்துச் சென்னகிருஷ்ணன் காற்று வரும் தேதியை ஆண்டுதோறும் காலண்டர் அட்டையின் பின்புறம் குறித்து வைப்பவர். அவர் கணக்குப்படி 1981இலிருந்து முதல் பத்து ஆண்டுகளில் காற்று இரண்டே நாள் பிந்தியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஐந்து நாள் பிந்தியது. கடைசி ஓராண்டில் மட்டும் ஒன்பது நாள். முன்பெல்லாம் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, போத்தனூர்த் தோப்புகளைக் கலைத்து, கோவைக் குளங்களில் நனைந்து, அவிநாசி சாலைப் புளியமரங்களின் கீழே ஒரே ஓட்டமாக வந்து ஊரைக் கடந்துவிடும். இப்போது கடலே கொதித்துக் கிடந்ததால் கிளம்பும்போதே அதற்கு மூச்சு வாங்கியது. குளங்களில் பாதி வறண்டிருந்தன. புளியமரங்களில் பல சாலைக்காக வெட்டப்பட்டிருந்தன. அன்று அது பங்காரம்மாவின் வாசலில் நின்றேவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த பங்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "வாங்க, வாங்க. என்னுங்க இப்படி எளச்சுப் போயிட்டீங்க? உள்ள வந்து உக்காந்துட்டுப் போலாமுங்க" என்றார்.

அந்தப் பக்கத்தில் தெருவோடு போகிற யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர், "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஊர் தோன்றிய நாளிலிருந்து காற்று ஒருமுறைகூட நின்றதில்லை என்பதால் இந்தப் பதிலை அதற்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. சொன்னபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பங்காரம்மாவின் வீடு ஊட்டியாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் உறைந்தது. துவைத்த சேலை காயவில்லை. எல்லாவற்றையும்விட, இட்லி மாவு பொங்கவில்லை. மூன்றாம் நாள் ஊற்றிய இட்லி தட்டில் விழுந்தபோது சத்தம் கேட்டதாகச் சாப்பிட வந்தவர்கள் சொன்னார்கள். நான்காம் நாள் கடையை மூடி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு விருந்தாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே ஊர் வெந்தது. அடுத்த கட்டிடமான அரங்கசாமி வீட்டுத் தறிக்குடோனில் எட்டுத் தறிகள். ஈரக்காற்று இல்லாமல் நூல் காய்ந்து, நிமிடத்துக்கு ஓர் இழை அறுந்தது. அவர் தறிகளுக்குத் துணியின் நெடுக்கு இழையான பாவு நூல் கொடுப்பவர் கோவை ஜவுளி வியாபாரி யாகூப். தறியில் ஏறியிருந்த பாவு பழுதில்லாத துணியாகாவிட்டால் அடுத்த பாவு வராது. பாவு வராவிட்டால் குடோனைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆறாம் நாள் அரங்கசாமி பங்காரம்மாவின் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்கக்கா, ஊட்ல விருந்தாளிங்களாட்டம் இருக்குது?"

"ஆமாங்க தம்பி. திங்கக்கெழம வந்தாங்க."

"எப்பப் போறாங்களாமா?"

"அதெப்படிங்க நாங் கேக்கறது? வந்தவங்களப் பாத்து எப்பப் போறீங்கன்னு கேக்கற வாயி எனக்கில்லீங்க. நீங்க வேணா கேளுங்க."

"நானுங்களா? எனக்கும் அவங்களுக்கும் அத்தன பழக்கமில்லீங்களே."

உள்ளே காலண்டர் தாள்கள் டிசம்பர் வரை புரண்டு திரும்பின. அரங்கசாமி ஒரு வணக்கம் வைத்துவிட்டு வீடு திரும்பினார். ஊரில் வேறு யாரும் கேட்க முன்வரவில்லை. கல்லில் தலையை முட்டிக்கொள்ளலாம், விருந்தாளியைப் போகச் சொல்ல முடியாது என்பதில் ஊர் ஒரே கருத்தாக இருந்தது.

ஜூலை 3, வியாழக்கிழமை, யாகூப் பாவு நூலைப் பார்க்க வந்தார். முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். "அரங்கசாமிண்ணா, கோவிச்சுக்காதீங்க. இப்படியே அறுந்தா அடுத்த பாவு சோமனூர்த் தறிக்குத்தானுங்க" என்றார். பசிக்கு இட்லிக் கடைக்குப் போனவர் கம்பளிக்குள் பங்காரம்மாவைப் பார்த்து விஷயம் தெரிந்துகொண்டு ஐந்து நிமிடம் விடாமல் சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, போங்கன்னு சொல்ல வாயி வரலீன்னா உடுங்க. எங்கூட்டுக்கு வாங்கன்னு சொல்ல வருமில்லீங்க?" என்று திரும்பி வந்து அரங்கசாமியிடம் கேட்டார்.

அரங்கசாமி குளித்து வெள்ளை வேட்டி கட்டி, தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு கட்டிலின் முன் நின்றார். "அக்கா ஊட்லயே இருந்துபோட்டு எங்கூட்டுக்கு வராமப் போனீங்கன்னா ஊருல என்னைய என்னன்னு நெனப்பாங்க? நீங்களே சொல்லுங்க" என்றார். கட்டில் கயிறு முனகியது. காற்று எழுந்து வாசல் வரை வந்துவிட்டது. அப்போது பங்காரம்மா பழக்க தோஷத்தில், "அதுக்குள்ள என்னுங்க அவசரம், இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டு..." என்று தொடங்கி, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். காற்று வாசற்படியில் தயங்கியது. யாகூப் கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்த வருசம் மொதல்ல அக்கா ஊட்டுக்குத்தானுங்க!" என்று அரங்கசாமி கத்தியேவிட்டார். காற்று இருபதடி தூரத்தைக் கடந்தது. அந்த இருபதடிக்குள் நின்ற இரண்டு பேர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். குடோனில் நூல் மூட்டை மேல் அது உட்கார்ந்தபோது மணி பதினொன்று. அதற்குப் பிறகு அன்று ஓர் இழையும் அறுபடவில்லை. மறுநாள் விடியும்போது பங்காரம்மாவின் மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்திருந்தது.

ஊர் முழுக்க வீச அந்தக் காற்றுக்குத் தெம்பில்லை, ஆனால் ஒரு வீட்டுக்குப் போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெற்றிலைத் தட்டங்கள் வரிசையில் நின்றன. சென்னகிருஷ்ணன் முறை எழுதினார். குழந்தை பிறந்த வீடு, காய்ச்சல்காரர் இருந்த வீடு ஆகியவற்றுக்கு முறை பார்க்கவில்லை. யாகூப் தன் வீட்டுக்கும் ஒருமுறை அழைத்தார், கோவை தூரம் என்று அது வரவில்லை. அடுத்த ஆண்டு காற்று இன்னும் பிந்தி, இன்னும் மெலிந்து வந்தது. நடந்து வருகிறவருக்கு வழியில் நிழலும் தண்ணீரும் இல்லாதது ஊருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டதால், மேற்கே இரண்டு மைலுக்குப் புங்கன் கன்றுகள் நட்டார்கள், ஒரு குட்டையைத் தூர்வாரினார்கள். காற்று மற்ற வீடுகளில் இருந்த நாட்களில் அரங்கசாமி குடோன் தரையில் ஈரச் சாக்கு விரித்துச் சமாளித்தார்.

1999இல் காற்று ஜூலை 5, திங்கட்கிழமை வந்தது. பங்காரம்மா இட்லிக் கடைக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார். வியாழக்கிழமை அது அரங்கசாமியின் குடோனுக்குப் போனது. சனிக்கிழமை யாகூப் அடுத்த பாவு நூலை அனுப்பினார்.