தாய்க்கரடியின் வயிறு

'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று தன் சிறுவர் நாடகத்துக்கு நோட்டீஸ் அடித்ததுதான் டைரக்டரக்கா செய்த தப்பு. ஒத்திகை பார்க்க வந்த பெற்றோர் சங்கத்தார், குடும்பம் உண்டாவதை மட்டும் மேடையில் காட்டக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்கள்.

நாடகத்தில் தாய்க்கரடி வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு நாலு எட்டு நடப்பாள். அவ்வளவுதான். நரியோ மூன்று கோழிகளின் கழுத்தைக் கடித்து, சிவப்பு ரிப்பனை ரத்தமாக உருவிப்போடும். அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

"வயித்தைத் தள்ளிக்கிட்டு வர்றதெல்லாம் பிள்ளைங்க பாக்கிற சமாச்சாரமா மேடம்?" என்றார் சங்கத் தலைவரான பல் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு எட்டு மாதம். கைப்பையை எடுத்து மடியில் வைத்து மறைத்துக்கொண்டாள்.

"அப்ப கோழியைக் கொல்றது?"

"அது சும்மா நாடகந்தானே!"

ஹால் சங்கத்துடையது. டைரக்டரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையை அவிழ்க்கச் சொன்னாள்.

அரங்கேற்றத்தன்று, ஒட்டிய வயிற்றோடு உள்ளே போன தாய்க்கரடி கையில் குட்டியோடு வெளியே வந்தாள். முன்வரிசையில் டாக்டரின் ஐந்து வயது மகள் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள்.

"அப்பா, குட்டி எங்கேர்ந்து வந்துச்சு?"

"தவிட்டுக்கு வாங்கினாங்க. உக்காரு."

"பொய்! நம்ம பாப்பா அம்மா வயித்துலதானே இருக்கு? கரடியம்மாவுக்கு வயிறே இல்லையே!"

அதற்குமேல் கூட்டத்தை யார் பிடிப்பது? "என்னை வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க!" என்றது ஒரு வாண்டு. "நானும் என் தம்பியும் ஒண்ணாவே உள்ள இருந்தோம்!" என்றது இன்னொன்று. பெற்றோர்கள் செருப்பு நுனியை ஆராய்ந்தார்கள். டாக்டர் மனைவிதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேடை ஓரத்தில் நின்ற டைரக்டரக்கா, திரையை இழுக்கப்போன ஆளின் கையைத் தட்டிவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் டாக்டர் மேக்கப் அறைக்கே வந்துவிட்டார். "நாளைக்கு அந்தக் குட்டியையும் எடுத்திடுங்க."

"அப்புறம் மிச்சம் என்ன சார் இருக்கு?"

"நரி இருக்கே! பிள்ளைங்க கைதட்டி ரசிக்கிறாங்க."

இருபது வருடமாக நடிகர்களைத் திட்டியே நாடகம் போட்ட டைரக்டரக்கா ஹால் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, கரடித்தோலை மடிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் அச்சகத் தொழிலாளர் கூடத்தில், எதையும் வெட்டாமல் நாடகம் நடந்தது. டாக்டர் மனைவி மகளோடு வந்திருந்தாள். டாக்டர் வரவில்லை. அவர் வராததில் கோழிகள் உட்பட யாருக்கும் நஷ்டமில்லை.