விண்டோஸ் விரதம்

என் வீட்டுக்காரர் சுரேனின் லாப்டாப்பில் இரண்டு குடித்தனம். வேலைக்கு லினக்ஸ், கேமுக்கு விண்டோஸ். ஈப்போவில் வேலை முடிந்து வந்ததும் லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸுக்குள் போய்விடுவார். அப்புறம் கூப்பிட்டால் காது கேட்காது. சின்ன வீடு வைத்திருப்பவர்கள்கூட இதைவிட அடக்கமாகப் போய் வருவார்கள்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார். நாற்பத்தெட்டு நாள் விரதம். "தைப்பூசம் முடியிறவரைக்கும் விண்டோஸைத் தொட மாட்டேன், முருகா" என்று சாமி விளக்குக்கு முன்னால் அவராகவே சொன்னார். முருகனைவிட எனக்குத்தான் சந்தோஷம். காரணம், என் கார் லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு தடவை சைட் பார்க்கிங்கில் தோற்றிருந்தேன். லைசென்ஸ் இருந்தால்தான் சுங்கை சிப்புட் கிளினிக்கில் எனக்கு வேலை. பஸ்ஸை நம்பினால் உருப்பட்ட மாதிரிதான். சாயங்காலங்களில் பழைய எஸ்டேட் ரோட்டில் ஓட்டப் பழக்குவதாகச் சொல்லியிருந்தார்.

ஐந்து நாள் பழக்கினார். ஆறாம் நாள் அறையிலிருந்து துப்பாக்கிச் சத்தம். போய்ப் பார்த்தால் நெற்றியில் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம், கையில் மவுஸ்.

"என்னங்க இது? விரதம்?"

"இது லினக்ஸ்லா! விண்டோஸ் கேம் இப்ப இதுலயே ஓடுது. இன்னும் நல்லாவே ஓடுது. சாமிகிட்ட சொன்னத நான் மீறலயே?"

லாப்டாப்பைத் தூக்கி வாய்க்காலில் போடலாம் போல ஆத்திரம் வந்தது. டெஸ்டுக்கு எட்டு நாள்தான் பாக்கி. இந்தத் தடவையும் தோற்றால் கிளினிக்கில் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அழுகையும் வந்தது. அழுதால் ஹெட்போனை மாட்டிக்கொள்வார் என்று தெரியும், அதனால் அடுக்களைக்குப் போனேன்.

விரதக்காரர் வெளியே எதுவும் சாப்பிட மாட்டார். வீட்டுச் சோறுதான், அதுவும் ஒரே வேளை. சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல் எல்லாவற்றையும் டிஃபன் கேரியரில் அடைத்து, காரில் வைத்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தலை தெரிந்தது.

"துளசி, சோறு எங்க?"

"காடியில. எஸ்டேட் ரோட்டுல சாப்பிடலாம். நான்தான் ஓட்டுறேன்."

"சபார்லா, கொஞ்சம் பொறு, கேம் பாதியில நிக்குது!"

நான் எஞ்சினைக் கிளப்பினேன். வெறுங்காலோடு ஓடி வந்து ஏறினார்.

கேரியரை அவர் மடியில் வைத்தேன். ரோட்டோரம் நட்டிருந்த இரண்டு குச்சிகளுக்கு நடுவில் கார் ஒழுங்காக நுழைகிறவரை மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"முழுசாத் திருப்பு! இன்னும்! இன்னும்! இப்ப நேரா வா, மெதுவாலா!"

ஐந்து நாளில் ஒரு நாள்கூட அவர் இவ்வளவு அக்கறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒன்பதாவது தடவையில்தான் சாப்பிட்டார்.